கீபோர்டு கெட்டுப்போகலை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் அலுவலகக் கணக்காளர் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘கூட்டமைப்பும் கணினியும்’. கணினி வந்ததால் கிடைத்த நன்மைகளைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. அதெல்லாம் ஆண்டறிக்கையில் செயலாளர் அக்கா வாசிச்சுட்டாங்க. நான் நம்ம அலுவலகத்தில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்றேன். அதில் தப்பு என்னோடது. இத்தனை பேர் முன்னாடி சொல்லணுமான்னு நேத்து ராத்திரி வரைக்கும் யோசிச்சேன். சொல்லிடறேன்.

நான் பத்தாவது முடிச்சுட்டு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் லோயர் பாஸ் பண்ணினவள். கல்யாணத்துக்கு அப்புறம் இருபது வருஷம் அந்தக் கை அடுப்படியில்தான் இருந்தது. கூட்டமைப்புக்குக் கம்ப்யூட்டர் வாங்கினப்போ, "உனக்குத்தான் டைப்பிங் தெரியுமே"ன்னு என்னைக் கொண்டுபோய் உட்கார வெச்சாங்க. கடைக்காரத் தம்பிகிட்டே "எனக்குப் பழைய டைப்ரைட்டர் மாதிரியே வேணும்"னு கேட்டேன். அவரும் ஒரு தமிழ் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தார். என் பாடு நிம்மதி.

வேலை கூடினதும் உதவிக்கு ஒரு பொண்ணை வெச்சோம். நம்ம குழு உறுப்பினர் ஒருத்தரோட மகள். பி.காம். படிச்சவள். பேர் சொல்லலை, அவளே வேண்டாம்னுட்டா. அவள் காலேஜில் கத்துக்கிட்டது தமிழ் 99. நான் அடிக்கிறது டைப்ரைட்டர் முறை. ஒரே கம்ப்யூட்டர், காலையில் நான், மதியம் அவள். அவள் தனக்கு வேண்டிய தமிழ் 99-ஐ விண்டோஸ் உள்ளேயே சேர்த்துக்கிட்டா. ரெண்டு மாசம் ஒரு பிரச்சினையும் இல்லை.

வங்கிக் கடன் இணைப்புக்குப் பதினாலு குழுக்களோட உறுப்பினர் பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள்ளே கொடுக்கணும்னு சொல்லியிருந்தாங்க. வியாழக்கிழமை மதியம் அவள் உட்கார்ந்தாள். பத்து நிமிஷத்தில் முகம் மாறிப்போச்சு. ‘கே’ தட்டினா ‘ம’ வரணும், ‘க’ வந்தது. ‘எச்’ தட்டினா ‘க’ வரணும், ‘ப’ வந்தது. புள்ளிப் பட்டனைத் தட்டினா புள்ளி விழலை. அவள் கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டாள். அதே கதைதான். ஒயரைப் பிடுங்கிச் சொருகினாள். அப்பவும் அதே.

நான் பக்கத்தில் நின்னு பார்த்தேன். எனக்கு வந்த பதட்டத்தில் வாயில் வந்தது இதுதான்: "காலையில நான் அடிச்சப்ப நல்லாத்தானே இருந்துச்சு. நீ வந்ததுல இருந்தே இந்தப் பொட்டி சரியில்ல. உன் கை என்ன கையோ."

பக்கத்தில் ரெண்டு குழுத் தலைவிகள் உட்கார்ந்திருந்தாங்க. அவள் ஒரு வார்த்தை பேசலை. அஞ்சு மணிக்குப் பையை எடுத்துக்கிட்டுப் போனாள். மறுநாள் வரலை. அதுக்கு மறுநாளும் வரலை.

அன்னைக்கு ராத்திரி நானும் பொருளாளர் அக்காவும் ஒரு மணி வரைக்கும் உட்கார்ந்து பட்டியலைக் கையால எழுதினோம். வங்கியில் வாங்கிக்கிட்டாங்க. ஆனா தூக்கக் கலக்கத்தில் ஒரு குழுவில் ரெண்டு பேருக்கு இனிஷியல் மாறிப்போச்சு. வங்கிக் கணக்கில் இருக்கிற பேரோடு ஒத்துப்போகலைன்னு அந்தக் குழுவை மட்டும் நிறுத்தி வெச்சுட்டாங்க. அவங்களுக்குக் கடன் அடுத்த மாசம்தான் வந்தது. ஆடு வாங்கப் பேசி அட்வான்ஸ் கொடுத்திருந்தவங்க அதில் இருந்தாங்க. அந்த அக்காக்கள் இன்னைக்கும் இங்கே உட்கார்ந்திருக்காங்க. என்னை ஒரு வார்த்தை திட்டலை, அது அவங்க குணம்.

நான் என்ன பண்ணினேன்? கூட்டமைப்புப் பணத்தில் 550 ரூபாய்க்குப் புதுக் கீபோர்டு வாங்கினேன். ரசீது இன்னும் ஃபைலில் இருக்கு. புதுக் கீபோர்டிலும் அதே கோளாறு. மெக்கானிக் வந்தார், எல்லாத்தையும் அழிச்சு மறுபடி போட்டுக் கொடுத்தார், காசு வாங்கினார், போனார். நாலு நாள் நல்லா இருந்தது. அஞ்சாம் நாள் மறுபடி ‘க’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ப’. இப்போ அந்தப் பொண்ணு பக்கத்திலேயே இல்லை, பாருங்க. அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும்.

அப்புறம் வேற வேலையா மாவட்டத்தில் இருந்து ஒரு பயிற்றுநர் அம்மா வந்தாங்க. நான் புலம்பினதைக் கேட்டுட்டு அவங்க கீபோர்டைத் தொடவே இல்லை. திரையோட வலது பக்கக் கீழ் மூலையைக் காட்டி, "இதுல எத்தனை கீபோர்டு போட்டு வெச்சிருக்கீங்க?"ன்னாங்க. ஒண்ணுதானேன்னு நான் மேஜையைப் பார்த்தேன். அந்த மூலையில் ஒரு க்ளிக் பண்ணினாங்க. அஞ்சு வரிசையா வந்து நின்னது.

இதைத்தான் உங்களுக்கு விளக்கணும்னு வந்தேன். கீபோர்டில் அச்சடிச்சிருக்கிற எழுத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டர் எழுதறது இல்லை. எந்த இடத்துப் பட்டன் அமுங்கினதோ, அந்த இடத்தோட எண் மட்டும்தான் உள்ளே போகும். அந்த எண்ணுக்கு என்ன எழுத்துன்னு சொல்றது உள்ளே இருக்கிற ஒரு அட்டவணை. நம்ம பதிவேட்டையே எடுத்துக்குங்க. உறுப்பினர் எண் 7 யாருன்னு கேட்டா என்ன சொல்வீங்க? எந்தக் குழுவோட பதிவேடுன்னு கேட்பீங்க. மல்லிகைக் குழுவில் 7 ஒருத்தர், முல்லைக் குழுவில் 7 வேற ஒருத்தர். பதிவேட்டை மாத்தித் திறந்து வெச்சுட்டு, 7-ஆம் நம்பர் ஆளே சரியில்லைன்னு சொன்னா எப்படி? நான் சொன்னது அதுதான்.

எங்க கம்ப்யூட்டரில் இருந்த அஞ்சு பதிவேடு என்னென்ன? ஆங்கிலம் இந்தியா ஒண்ணு. ஆங்கிலம் யுனைடெட் கிங்டம் ஒண்ணு, அது எப்போ யார் போட்டதுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. விண்டோஸில் தமிழைச் சேர்த்தபோது கூடவே வந்த இன்ஸ்கிரிப்ட் ஒண்ணு. இந்த இன்ஸ்கிரிப்ட் இந்திய மொழிகள் பலதுக்கும் பொதுவா ஒரே அமைப்பில் செஞ்சது. இந்தியில் ‘க’ எங்கே இருக்கோ அதே பட்டனில்தான் தமிழ் ‘க’வும் இருக்கும். அப்புறம் அந்தப் பொண்ணு சேர்த்த தமிழ் 99. இது 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்தது, நம்ம அரசு ஏத்துக்கிட்ட முறை. உயிரெழுத்தெல்லாம் இடது கைப் பக்கம், மெய்யெல்லாம் பெரும்பாலும் வலது கைப் பக்கம். இது எல்லாத்துக்கும் மேலே, வெளியில் இருந்து போட்ட என்னோட டைப்ரைட்டர் மென்பொருள்.

இதில் வினை ரெண்டு இடத்தில் இருந்தது. முதல் வினை, விண்டோஸோட தமிழும் என் மென்பொருளோட தமிழும் ஒரே சமயத்தில் விழிச்சுக்கிட்டு இருந்தா, ஒரு பட்டனுக்கு ரெண்டு பேரும் பதில் சொல்ல வருவாங்க. அப்போ வர்ற எழுத்துக்கு அர்த்தமே இருக்காது. ரெண்டாவது வினை என் இடது கை. விண்டோஸில் இடது ஆல்ட்டையும் ஷிஃப்ட்டையும் சேர்த்து அமுக்கினா கீபோர்டு அடுத்த மொழிக்குத் தாவும். டைப்ரைட்டர் பழக்கத்தில் நான் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடிப்பேன், கட்டைவிரல் பாட்டுக்கு ஆல்ட் மேலே ஓய்வெடுக்கும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை தாவியிருக்குமோ! என் மென்பொருள் ஓடிக்கிட்டு இருந்ததால் என் தட்டச்சில் அது பாதி நேரம் தெரியவே இல்லை. நான் அதை மூடிட்டு எழுந்த பிறகு வந்து உட்கார்ந்தவளுக்குத்தான் தெரிஞ்சது. அந்த வியாழக்கிழமை இன்ஸ்கிரிப்டில் விட்டுட்டு எழுந்தது நான்.

சரிசெய்யறதுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகலை. எப்படின்னு சொல்றேன், கணக்கு எழுதறவங்க குறிச்சுக்குங்க. விண்டோஸ் 10-ல் ஸ்டார்ட், அதில் செட்டிங்ஸ், அதில் டைம் அண்ட் லாங்குவேஜ், அதில் லாங்குவேஜ். தமிழ்னு இருக்கிறதைத் தொட்டு ஆப்ஷன்ஸ் போனா, கீபோர்ட்ஸ்னு ஒரு பட்டியல் வரும். வேண்டியதை மட்டும் வெச்சுட்டு மத்ததை ரிமூவ் பண்ணணும். ஆங்கிலத்துக்கும் அதேதான். விண்டோஸ் 11-ல் பேர் கொஞ்சம் மாறும், லாங்குவேஜ் அண்ட் ரீஜன்னு இருக்கும், மொழிக்குப் பக்கத்தில் இருக்கிற மூணு புள்ளியைத் தொடணும். வெளியில் இருந்து போட்ட தமிழ் மென்பொருள் இருந்தா, ஒண்ணு அது இருக்கட்டும், இல்லை விண்டோஸ் தமிழ் இருக்கட்டும். ரெண்டும் வேண்டாம்.

நாங்க தமிழ் 99-ஐ வெச்சுக்கிட்டோம். அப்படின்னா நான் 46 வயசில் புதுசா கத்துக்கணும். டைப்ரைட்டரில் ‘கெ’ அடிக்கணும்னா கொம்பு முதல்ல, ‘க’ அப்புறம். முப்பது வருஷமா கை அப்படித்தான் போகும். தமிழ் 99-ல் ‘க’ முதல்ல, அப்புறம் ‘எ’. வாயில சொல்ற வரிசை. கேட்க எளிதுதான். ஒரு மாசம் கொம்பைத் தேடித் தேடி அழுகை வந்தது. பேரன் பக்கத்தில் உட்கார்ந்துக்கிட்டு "ஆச்சி, தப்பு"ம்பான். அம்மா என்கிறதை அடிக்க ‘ம’ பட்டனை ரெண்டு தடவை தட்டினா புள்ளி தானா விழும்னு தெரிஞ்ச அன்னைக்குத்தான் எனக்கு இந்தக் கீபோர்டு மேலே கொஞ்சம் பிரியம் வந்தது.

பயிற்றுநர் அம்மா போன அன்னைக்கே சாயங்காலம் அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா திண்ணையில் கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தாங்க. வாங்கன்னு கூப்பிட்டாங்க, ஆனா எழுந்திருக்கலை. பொண்ணு உள்ளே இருந்து வந்து தண்ணி கொடுத்தாள்.

"அந்தப் பொட்டியைக் கெடுத்தது நான்தான் பாப்பா. உன் மேல பழி போட்டுட்டேன்"னு சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னாள்: "அக்கா, நான் ஏதோ ஒண்ணைத் தொட்டு, எல்லா அக்காவோட கணக்கும் அழிஞ்சுபோச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். ரெண்டு நாள் தூங்கலை. அம்மாகிட்ட நகையை வெச்சுப் புதுசு வாங்கிக் கொடுத்துடலாமான்னு கேட்டேன்."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. திரும்பி வான்னு கூப்பிட்டேன். அதுக்குள்ளே டவுனில் ஒரு துணிக்கடையில் பில் போடற வேலைக்குச் சேர்ந்துட்டா. சம்பளமும் நாம கொடுத்ததைவிடக் கூட. வரலைன்னு சொல்லிட்டா. ஆனா ஞாயித்துக்கிழமை மதியம் வந்து எனக்குத் தமிழ் 99 சொல்லிக் கொடுத்தாள், ஆறு வாரம். காசு வாங்கலை. இன்னைக்கு விழாவுக்கும் கூப்பிட்டேன், கடையில் லீவு கிடைக்கலையாம்.

சரி, அந்த யுனைடெட் கிங்டம் விஷயத்தையும் சொல்லணும். அது தனியா ஒரு நாள் எங்களைப் படுத்தியது. ஒரு இணையதளத்தில் கூட்டமைப்புக் கணக்கைத் திறக்கணும். பாஸ்வேர்டு சரியாத்தான் அடிக்கறேன், தப்புன்னு வருது. மூணு தடவை ஆனதும் பூட்டிக்கிச்சு. திறக்க வைக்க ரெண்டு நாள் அலைஞ்சோம். காரணம் இதுதான்: எங்க பாஸ்வேர்டில் @ குறி இருந்தது. நம்ம ஊர்க் கீபோர்டில் அது 2-க்கு மேலே இருக்கும். இங்கிலாந்து அமைப்பில் 2-க்கு மேலே மேற்கோள் குறி, @ வேற பட்டனுக்குப் போயிடும். பாஸ்வேர்டு கட்டத்தில் எல்லாமே கறுப்புப் புள்ளியாத் தெரியுதா, தப்பு நடக்கறது கண்ணுக்கே தெரியாது. கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. ஷிஃப்ட்டோடு 3-ஐத் தட்டிப் பாருங்க. பவுண்டுக் குறி வந்தா நீங்க லண்டனில் இருக்கீங்கன்னு அர்த்தம். ஆங்கிலம் இந்தியான்னு இருந்தா இன்னொரு லாபமும் உண்டு. வலது ஆல்ட்டோடு 4-ஐத் தட்டினா ரூபாய்க் குறி ₹ வரும். வரலைன்னா கீபோர்டு மாறியிருக்குன்னு அதை வெச்சும் தெரிஞ்சுக்கலாம்.

எது மாறியிருக்குன்னே புரியலைன்னா, விண்டோஸ் பட்டன், கண்ட்ரோல், ‘ஓ’ மூணையும் சேர்த்துத் தட்டுங்க. திரையிலேயே ஒரு கீபோர்டு படம் வரும். இப்போ எந்தப் பட்டனுக்கு எந்த எழுத்துன்னு அதில் அப்படியே தெரியும். எனக்கு இதை முதல்லயே யாராவது சொல்லியிருந்தா அந்த 550 ரூபாய் மிச்சம்.

இன்னும் சில சில்லறைக் கோளாறு இருக்கு. வலது ஓரத்து நம்பர் பட்டன்கள் எண் போடலைன்னா நம் லாக். எக்செல்லில் அம்புக்குறியைத் தட்டினா கட்டம் நகராம தாளே நகர்ந்தா ஸ்க்ரோல் லாக். ஒரு ஊராட்சியில் இருந்து ஃபோன் வந்தது, "அக்கா, வேகமா தட்டினா எழுத்தே விழலை, ஒவ்வொண்ணா அழுத்திப் பிடிச்சாத்தான் விழுது"ன்னு. போய்ப் பார்த்தா ஃபில்டர் கீஸ் ஓடுது. வலது ஷிஃப்ட்டை எட்டு நொடி அமுக்கிப் பிடிச்சா அது கேள்வி கேட்கும், யாராவது என்டர் தட்டினா ஆன் ஆயிடும். கை நடுங்கறவங்களுக்காக வெச்சிருக்கிற வசதி அது, குத்தம் சொல்றதுக்கில்லை. எட்டு நொடி யார் அமுக்கினதுன்னு விசாரிச்சோம். தீர்மான நோட்டு! அந்தத் தடி நோட்டைக் கொண்டுவந்து கீபோர்டு ஓரத்தில் சாய்ச்சு வெச்சிருக்காங்க. ஷிஃப்ட்டை அஞ்சு தடவை தொடர்ந்து தட்டினா வர்றது ஸ்டிக்கி கீஸ். அதுவும் இதே குடும்பம்தான். ரெண்டையும் செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குப் போய் அணைச்சுடலாம்.

எழுத்துரு வேற, கீபோர்டு வேற, இதைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. பழைய எழுத்துருவில் அடிச்ச ஃபைலும் யூனிகோடில் அடிச்ச ஃபைலும் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும். ஆனா பேரைத் தேடினா கிடைக்காது. என் டைப்ரைட்டர் காலத்துப் பட்டியலில் இருந்த உறுப்பினர்களைத் தேடிட்டு, "அப்படி ஒரு ஆளே இல்லை"ன்னு ஒருத்தங்களைத் திருப்பி அனுப்ப இருந்தோம். அவங்க பதினோரு வருஷ உறுப்பினர். அந்தப் பட்டியலை யூனிகோடுக்கு மாத்தற வேலை இப்போ பாதி முடிஞ்சிருக்கு. உங்க குழுவோட பேர்ப் பட்டியலைக் கையெழுத்துப் பிரதியோடு ஒத்துப்பார்க்க ஒருத்தரை அனுப்பினீங்கன்னா சீக்கிரம் முடியும்.

நம்ம கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கேன். மூலையைப் பார், அப்புறம் கீபோர்டைப் பார், அப்புறம் என்னைக் கூப்பிடுன்னு எழுதியிருக்கு. நாலாவது வரியை அந்தப் பொண்ணு ஒரு ஞாயித்துக்கிழமை தன் கையால எழுதிச் சேர்த்தாள்: ‘யாரையும் திட்டாதே’. அதை நான் கிழிக்கலை.

நேரம் ஆயிடுச்சுன்னு தலைவி அக்கா மணியைப் பார்க்கறாங்க. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நான் அலுவலக அறையில்தான் இருப்பேன். உங்க ஊராட்சிக் கம்ப்யூட்டரில் என்ன கோளாறுன்னு வந்து சொல்லுங்க, முடிஞ்சா அந்த மூலையை ஃபோனில் ஒரு படம் பிடிச்சுக்கிட்டு வாங்க. பாஸ்வேர்டை மட்டும் என்கிட்டே சொல்லாதீங்க.